கிராம சபைக்கு வெளியே

குளம், சாலை, வீட்டுமனை, குடிநீர் பற்றிய முடிவுகளில் ஏழைகள் நேரடியாகப் பங்கெடுக்கச் சட்டம் தந்திருக்கும் முதன்மையான இடம் கிராம சபை. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சியின் வாக்காளர் அனைவரையும் அதன் உறுப்பினர்கள் ஆக்கின. ஆண்டுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலும் அங்கே வைக்கப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்திலோ இந்தச் சபை பெரும்பான்மை மக்களுக்கு இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 18.70 லட்சம் பேரில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தார். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வீடும் தோப்பும் வயலும் இடைவெளியின்றித் தொடரும் இந்த நிலத்தில், 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது ஒரு மாநகராட்சியும் 4 நகராட்சிகளும் 51 பேரூராட்சிகளும் இருந்தன. கிராம ஊராட்சிகள் 95. பேரூராட்சியில் வாழும் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியும் வயல் கூலியும் ஏட்டில் நகரவாசிகள். அவர்களுக்குக் கிராம சபை கிடையாது. ஊரக வேலை உறுதித் திட்டமும் அவர்களை எட்டவில்லை.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்ட, 2022இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. ஆனால் பகுதி சபையின் பிரதிநிதியை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுகிறார். களியக்காவிளை பேரூராட்சியைத் தாண்டினால் வரும் கேரளத்தின் பாறசாலையில் நிலைமை வேறு. அங்கே ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை என்றில்லாமல் வார்டுதோறும் கிராம சபை கூடுகிறது. 1956 வரை இரு பகுதிகளும் ஒரே அரசின் கீழ் இருந்தவை.

கிராம சபை உள்ள ஊர்களிலும் அதன் அளவும் நாளும் ஏழைகளுக்கு ஒத்துவருவதில்லை. பத்தாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊராட்சியில் 300 பேர் வந்தால் கூட்டம் செல்லும். எஞ்சியோர் வராவிட்டாலும் தீர்மானம் நிறைவேறும். கூட்ட நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலம் ஜூன், ஜூலை. ஒரே பயணத்தில் வாரக்கணக்கில் கடலில் தங்கும் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் ஒரு சபைகூடக் கூடுவதில்லை.

இட ஒதுக்கீடும் இங்கே முழுப் பயன் தருவதில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள். மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் சுமார் 4 விழுக்காடு; பழங்குடியினர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஏழைகளில் பெருந்தொகையினரான மீனவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பெரும்பாலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் என்பதால் சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டுக்குள் வருவதில்லை.

பேச்சிப்பாறை மலைப்பகுதியில் வாழும் காணிக்காரப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கூடுதல் வலிமை தருகிறது. ஒருவர் எவ்வளவு நிலத்தில் உழுகிறார், எங்கே தேன் எடுக்கிறார் என்பதைக் கிராம சபைதான் முதலில் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். சபை அமைக்கும் வன உரிமைக் குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருப்பது கட்டாயம். சபை செல்லுபடியாகப் பாதி உறுப்பினர்கள் வர வேண்டும்; உரிமை கோருவோரில் பாதிப்பேராவது இல்லாமல் அவர்களின் கோரிக்கை மீது தீர்மானம் இயற்ற முடியாது. பாதிக்கப்படுபவர் வராமல் முடிவு இல்லை என்ற இந்த ஏற்பாடு சாதாரண கிராம சபைக்கு இல்லை.

முடிவைப் பாதிக்கப்படுபவர் கையில் வைக்கும் இதே வழியைக் கடற்கரையில் சட்டத்தின் துணையின்றி மீனவர் சங்கங்கள் கண்டன. கடன் கொடுத்த தரகரே மீனுக்கு விலை வைக்கும் நிலையை உடைக்க, 1970களில் ஊர்தோறும் சங்கங்கள் உருவாயின. கோட்டாறு சமூக சேவை சங்கம் இதற்குத் துணைநின்றது. மீனவர் சங்கத்தின் ஆளே ஏலம் விட்டார். வியாபாரியிடம் பணம் வாங்கி மீனவருக்குக் கொடுத்து, கடனுக்கும் சேமிப்புக்கும் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார். கடலுக்குப் போகிறவர் மட்டுமே உறுப்பினர் என்பதால் தரகர் உள்ளே நுழைய வழியில்லை. 1980இல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில் குமரி மாவட்டச் சங்கங்களும் இணைந்தன. கடலுக்குப் போகிறவரே உறுப்பினர் என்ற அதே விதியால், மீன் விற்கும் பெண்கள் தொடக்கத்தில் சங்கத்துக்கு வெளியே நின்றார்கள்.

இவற்றிலிருந்து மூன்று தேவைகள் தெளிவாகின்றன. சபை, கூலிக்காரர் நடந்து சென்று பேசக்கூடிய அளவில், வார்டு அல்லது குடியிருப்பு மட்டத்தில் இருக்க வேண்டும். கூடும் நாளையும் நேரத்தையும் அந்தந்த ஊரின் தொழில்தான் முடிவு செய்ய வேண்டும்: பால்வெட்டும் ஊரில் பிற்பகல், ஆழ்கடல் மீனவர் ஊரில் தடைக்காலம். மூன்றாவதாக, யாரைப் பற்றிய முடிவோ அவர்களில் குறிப்பிட்ட பங்கினர் வந்தால்தான் தீர்மானம் செல்லும் என்ற விதி வேண்டும். இரண்டாவதை அரசாணை வழியாகவே செய்துவிடலாம். மற்ற இரண்டுக்கும் சட்டத்திலோ விதிகளிலோ திருத்தம் தேவை. கடைசியானதற்கான வாசகம் வன உரிமை விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது.