துடைக்கும் ரொபோவுக்கு எஜமானன் யார்?

வீட்டைக் கூட்டுவதற்கும் துடைப்பதற்கும் சேர்த்து ஒரே ரொபோவை வாங்க விரும்புகின்ற ஒருவர் இன்று இணையத்தில் தேடினால் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தகவல் என்ற பெயரிலான விளம்பரமே. 'இவ்வருடத்தின் மிகச்சிறந்த பத்து' என்ற தலைப்பில் வருகின்ற பட்டியல்களில் பல, வாசகர் இணைப்பை அழுத்திப் பொருளை வாங்கும்போது கிடைக்கின்ற தரகுப் பணத்தில் வாழ்பவை. அந்த உண்மை பக்கத்தின் ஏதோவொரு மூலையில் சிறிய எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டும் இருக்கும். பத்திரிகைத் துறையில் விளம்பரப் பகுதிக்கும் ஆசிரியபீடத்துக்கும் இடையே ஒரு சுவர் இருக்கவேண்டும் என்றே எமக்குக் கற்பிக்கப்பட்டது. அந்தச் சுவர் எல்லாக் காலத்திலும் உறுதியாக நின்றது என்று சொல்வதற்கில்லை. ஆனால், அது இடிந்துபோனால் வெட்கப்படவேண்டும் என்ற உணர்வாவது இருந்தது.

இந்தப் பட்டியல்கள் முதலில் உரத்துச் சொல்வது உறிஞ்சும் வலுவைப் பற்றியே. 2021 இல் வெளிவந்த ரோபோரொக் எஸ்7 என்ற மாதிரியின் வலு 2,500 பாஸ்கல் என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 2025 இல் அதே நிறுவனத்தின் உயர்நிலை மாதிரிகள் 20,000 பாஸ்கலைத் தொட்டுவிட்டன. நான்கு வருடங்களில் எமது வீடுகளின் தூசு எட்டு மடங்கு கனத்துவிட்டதா என்ன? பாஸ்கல் என்பது அமுக்கத்தின் அலகு. அந்த எண்ணை மாத்திரம் வைத்துக்கொண்டு, தூரிகை நிலத்தில் உருளும்போது எவ்வளவு காற்று உள்ளே போகின்றது, எவ்வளவு அழுக்கு எடுபடுகின்றது என்று அறியமுடியாது. ரைல்ஸ் பதித்த நிலத்தில் கிடக்கின்ற மணலையும் தலைமயிரையும் எடுப்பதற்குப் பழைய 2,500 பாஸ்கலே போதும். தடித்த கம்பளம் விரித்த வீடுகளிலேயே கூடுதல் வலுவுக்கு ஓரளவு அர்த்தம் இருக்கின்றது.

துடைப்பதைப் பற்றிய உண்மையும் இவ்வாறே மறைக்கப்படுகின்றது. ஐரொபோட் என்ற அமெரிக்க நிறுவனம் 2002 இல் ரூம்பாவை அறிமுகப்படுத்தியபோது அது கூட்டுகின்ற வேலையை மாத்திரமே செய்தது. நிலத்தைக் கழுவுவதற்கு 2005 இல் ஸ்கூபா என்ற வேறோர் இயந்திரத்தை அதே நிறுவனம் கொண்டுவந்தது. காரணம் எளிமையானது. கூட்டுவது உலர்ந்த வேலை. துடைப்பது ஈரமான வேலை. சரியாகக் கூட்டாத நிலத்தில் ஈரத்துணியை இழுத்தால் தூசு சேறாகும் என்பது தும்புத்தடி பிடித்த எவருக்கும் தெரியும். பின்னர் இரண்டையும் ஒன்றாக்கியவர்கள் செய்ததெல்லாம், கூட்டுகின்ற இயந்திரத்தின் பின்புறத்தில் ஒரு சிறிய தண்ணீர்த் தொட்டியையும் ஒரு துணியையும் ஒட்டியதுதான். முதல் அறையில் அழுக்கான அந்தத் துணி, கடைசி அறைவரை அதே அழுக்குடன் இழுபட்டது. இன்றும் மலிவு விலையில் 'கூட்டித் துடைப்பது' என்று விற்கப்படுபவற்றில் பல இந்த வகையைச் சேர்ந்தவையே.

முன்னேற்றமே ஏற்படவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. துணியை அதிரச்செய்து தேய்க்கின்றவை, கம்பளத்தைக் கண்டதும் துணியைச் சில மில்லிமீற்றர் உயர்த்திக்கொள்பவை, இரண்டு வட்டத் துணிகளைச் சுழற்றுபவை, உருளையொன்றைத் துடைக்கும்போதே கழுவிக்கொள்பவை என்று பல வகைகள் வந்துவிட்டன. இவற்றுள் ஒரேயொரு வேறுபாடு மாத்திரமே உண்மையில் முக்கியமானது. துணி வேலையின் இடையில் கழுவப்படுகின்றதா, இல்லையா என்பதே அது. கழுவப்படாவிட்டால், அது துடைப்பதாகச் சொல்லிக்கொள்கின்றது, அவ்வளவுதான்.

கழுவுகின்ற மாதிரிகளுக்கும் ஒரு விலை இருக்கின்றது. அந்தப் பெரிய நிலையத்தில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு இன்னொரு தொட்டி. அழுக்குத் தொட்டியை மனிதரே ஊற்றிக் கழுவவேண்டும். எமது நாட்டின் வெப்பத்தில் இரண்டு நாள் விட்டுவைத்தால் அதன் நாற்றம் வீட்டாருக்கு ஞாபகப்படுத்தும். தூரிகையில் சுற்றிய மயிரை வெட்டுவதும், துணியை மாற்றுவதும், தரையில் கிடக்கும் வயர்களையும் செருப்புகளையும் முன்கூட்டியே அகற்றுவதும் மனிதரின் வேலைகளே. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வாசற்படிகளில் இவற்றில் பெரும்பாலானவை ஏறமாட்டா. இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட தடையைத் தாண்டக்கூடியவை அண்மைக்காலத்தில் வந்த விலையுயர்ந்த மாதிரிகளே. ரொறன்ரோவில் வாங்கி ஊருக்குக் கொண்டுவருபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அங்கு மின்சாரம் 120 வோல்ற், இங்கு 230. தண்ணீரைச் சூடாக்கித் துணியை உலர்த்துகின்ற நிலையங்கள் அந்தந்த நாட்டு மின்னழுத்தத்துக்கென்றே செய்யப்படுவது வழக்கம். அடியில் பொறிக்கப்பட்டிருப்பதை வாசிக்காமல் செருகுபவர், முதல் நாளிலேயே பெட்டியை மூடவேண்டிவரலாம்.

இவையெல்லாம் பணத்தோடு போகின்ற நட்டங்கள். இந்தப் பட்டியல்களின் மீதான எனது பிரதான குற்றச்சாட்டு வேறானது. காசு கொடுத்து வாங்கிய பிறகு இந்த இயந்திரத்துக்கு எஜமானன் யார் என்ற கேள்வியை அவற்றில் மிகப்பெரும்பாலானவை எழுப்புவதேயில்லை.

கலிபோர்னியாவில் இயங்கிய நீட்டோ என்ற நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். ஜேர்மனியின் ஃபோர்வேர்க் நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்ட அது 2023 இல் மூடப்பட்டது. மூடும்போது, ஏற்கெனவே விற்கப்பட்ட ரொபோக்களுக்கான சேவை இன்னும் ஐந்து வருடங்களுக்குத் தொடரும் என்று வாக்குறுதி அளிக்கப்பட்டது. 2025 இல், அந்த ஐந்து வருடங்களில் பாதிகூட முடிவதற்கு முன்னர், சேவை நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. இயந்திரங்கள் பழுதடையவில்லை. சில்லுகள் சுழன்றன. ஆனால், கைத்தொலைபேசியிலிருந்து கட்டளையிட முடியாது, வரைபடத்தைப் பார்க்கமுடியாது, நேரம் குறிக்கமுடியாது. எஞ்சியது ஒரு பொத்தான் மாத்திரமே.

ரூம்பாவை உருவாக்கிய ஐரொபோட்டின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2022 ஓகஸ்டில் சுமார் 170 கோடி டொலருக்கு அதை வாங்கப்போவதாக அமேசன் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒழுங்குபடுத்துநர்களின் எதிர்ப்பையடுத்து 2024 ஜனவரியில் அந்த உடன்பாடு கைவிடப்பட்டது. 2025 டிசெம்பரில் ஐரொபோட் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சென்றது. அதற்காக ரொபோக்களை உற்பத்தி செய்துவந்த சீன நிறுவனமான பிசியாவிடம் உரிமையைக் கையளிப்பதே திட்டம். ரூம்பாவை வாங்கிய குடும்பம் ஒரே வீட்டில், அதே இயந்திரத்துடன்தான் இருந்தது. ஆனால், அந்த இயந்திரம் பேசுகின்ற நிறுவனம் யாருடைய கைக்குப் போகின்றது என்பதைப் பற்றி அந்தக் குடும்பத்திடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

போவது நிறுவனம் மாத்திரமல்ல, வீட்டின் வரைபடமும்தான். 2017 ஜூலையில் ஐரொபோட்டின் அன்றைய பிரதம நிறைவேற்று அதிகாரி கொலின் ஏங்கிளைச் செவ்வி கண்ட ரொய்ட்டர்ஸ், வீடுகளின் வரைபடங்களைப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு விற்கலாம் என்ற கருத்துப்பட முதலில் எழுதியது. பின்னர், வாடிக்கையாளரின் சம்மதத்துடன் இலவசமாகப் பகிர்வதையே அவர் குறிப்பிட்டார் என்று திருத்தம் வெளியிட்டது. திருத்தம் நியாயமானதே. ஆனால், பகிர்வதற்கு ஒரு பண்டம் இருக்கின்றது என்பது அந்தத் திருத்தத்தினாலும் மாறிவிடவில்லை.

வரைபடத்துடன் நிற்கவுமில்லை. 2020 இல் ஐரொபோட்டின் பரீட்சார்த்த ரொபோக்கள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள், அவற்றுக்குப் பெயரிடும் வேலையைச் செய்த வெனிசுவேலாவின் கூலிப் பணியாளர்களினால் பேஸ்புக் குழுக்களில் பகிரப்பட்டதை 2022 டிசெம்பரில் எம்.ஐ.ரி. ரெக்னோலஜி ரிவியூ சஞ்சிகை வெளிப்படுத்தியது. மலசலகூடத்தில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவை விற்பனைக்கு விடப்பட்ட ரொபோக்கள் அல்ல, பங்கேற்றவர்கள் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர்கள் என்று நிறுவனம் விளக்கமளித்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்காவில் சில வீடுகளில் எக்கோவாக்ஸ் டீபொட் எக்ஸ்2 ரொபோக்கள் ஊடுருவப்பட்டு, அவற்றின் ஒலிபெருக்கி ஊடாக வீட்டாரை நோக்கி இனவெறி வசைகள் பொழியப்பட்டதை அவுஸ்திரேலியாவின் ஏ.பி.சி. செய்திச்சேவை அதே வருடம் ஒக்டோபரில் அம்பலப்படுத்தியது. வேறிடங்களில் கசிந்த கடவுச்சொற்களே காரணம் என்றது நிறுவனம். ஆனால், அதே நிறுவனத்தின் ரொபோக்களை புளூடூத் ஊடாகத் தூரத்திலிருந்து கைப்பற்ற முடியும் என்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் அவ்வருடம் ஓகஸ்டிலேயே பகிரங்கமாகக் காட்டியிருந்தார்கள்.

இதைப் பற்றித் தமிழர்களிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு தனிக் காரணம் இருக்கின்றது. வீட்டில் எத்தனை பேர், யார் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்ற விபரங்களைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்த அனுபவம் எமது தலைமுறைக்கு உண்டு. 2008 செப்டெம்பரில், முன்னைய ஐந்து வருடங்களில் வடக்கிலிருந்து வந்து கொழும்பிலும் மேல்மாகாணத்தின் ஏனைய பகுதிகளிலும் தங்கியிருந்தோர் பொலிஸில் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டு வரிசைகளில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். துப்பாக்கியுடன் வந்து கேட்பதும் தள்ளுபடி விலையுடன் வந்து கேட்பதும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். முன்னதை மறுப்பதற்கு எமக்கு வழி இருக்கவில்லை. பின்னதை மறுக்கலாம். மறுக்கக்கூடிய ஒன்றை, என்னவென்றுகூட விசாரிக்காமல் கொடுத்துவிடுவதுதான் எனக்கு விளங்கவில்லை. எந்த அறையில் கட்டில், எந்த நேரத்தில் வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என்பதையெல்லாம் அறிந்த ஒரு பதிவேட்டை நாமே பணம் கொடுத்து வாங்கிக் கூடத்தில் நிறுத்துகின்றோம்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஊரில் உள்ள பெற்றோருக்கு வாங்கி அனுப்புகின்ற ரொபோக்களே. நோக்கம் நல்லது. குனிந்து நிலம் துடைக்கமுடியாத தாய்க்கு அது பெரிய உதவி. ஆனால், கணக்கு மகனின் பெயரில். செயலி மகனின் கைத்தொலைபேசியில். கமரா தாயின் அறையில். 'அம்மா எப்படியிருக்கிறா என்று இதிலேயே பார்க்கலாம்' என்று பெருமையுடன் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் கேட்டீர்களா? தன்னுடைய வீட்டுக்குள் ஒரு கண் ஊர்ந்து திரிகின்றது என்பதை அறிந்துகொள்கின்ற உரிமைகூட வயோதிபத்தினால் இல்லாமற்போய்விடுமா?

'மறைப்பதற்கு எங்களிடம் எதுவும் இல்லை' என்பார்கள். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகின்ற எவரும் அவ்வாறு சொல்லக்கூடாது. 'கைத்தொலைபேசி ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்க்கின்றதே' என்பது இன்னொரு வாதம். கூரை ஒழுகுகின்றது என்பதற்காக யன்னலையும் கழற்றிவிடுகின்றோமா? 'சீனப் பொருளைத் தவிர்த்தால் சரி' என்பவர்களுக்கு, மேலே சொன்ன படக் கசிவு ஓர் அமெரிக்க நிறுவனத்தினுடையது என்பதை ஞாபகப்படுத்துவதே போதுமானது.

நான் இயந்திரத்துக்கு எதிரானவன் அல்லன். எமது சமூகத்தில் துடைப்பதென்பது பெண்களின் தலையில் கட்டப்பட்ட வேலை. வசதி படைத்த வீடுகளில் அது மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமிகளின் தலையில் கட்டப்பட்டது. அந்த வழக்கத்தின் கொடுமையை அறிந்த எவரும், அந்தக் கையிலிருந்து ஈரத்துணியைப் பறித்தெடுக்கின்ற எந்த இயந்திரத்தையும் வரவேற்கவே செய்வார்கள். அதனாற்தான் நல்லதைத் தெரிவுசெய்ய வேண்டும் என்கிறேன்.

தெரிவு செய்யும்போது கேட்கவேண்டியவை சிலவே. இணையத் தொடர்பைத் துண்டித்த பின்னரும் பொத்தானை அழுத்தினால் வீட்டைக் கூட்டித் துடைக்கின்றதா? கமராவுக்குப் பதிலாக லேசரினால் வழி அறிகின்ற மாதிரி இருக்கின்றதா? பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே தாராளமாகப் போதும். துணி இடையில் கழுவப்படுகின்றதா? அல்லது அதைக் கழற்றி நீங்களே கழுவுவதற்கு ஆயத்தமாக இருக்கிறீர்களா? பற்றரி, தூரிகை, வடிகட்டி, துணி ஆகியவற்றை நீங்கள் வாழ்கின்ற நாட்டில் தனித்தனியாக வாங்கமுடியுமா? ஒரு நாட்டுச் சந்தைக்கென விற்கப்பட்டது இன்னொரு நாட்டில் பதிவாகுமா? ஓரளவு தொழில்நுட்பப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு வலெற்றூடோ என்ற இலவச மென்பொருள் இருக்கின்றது. அது குறிப்பிட்ட சில மாதிரிகளை நிறுவனத்தின் சேவையகத்திலிருந்து விடுவித்து வீட்டுக்குள்ளேயே இயங்கச் செய்கின்றது. இக்கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த பின்னர், மனம் விரும்பினால், பாஸ்கல் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடமோ விற்பனைப் பக்கத்திலோ முதலாவது கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அந்த ரொபோவைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வருவதுதான் நல்லது. தும்புத்தடியும் ஒரு வாளித் தண்ணீரும் எவருடைய அனுமதியையும் கேட்காமல் நாளைக்கும் வேலை செய்யும்.