மருத்துவருக்கு அரசியல் ஏன்?

“நாடி பிடிப்பவருக்கு நாட்டாண்மை எதற்கு?” என நகைப்போர் இன்றும் உளர். குறிஞ்சிப்பாடித் தோழர்களே, அவர்களிடம் டாக்டர் சி. நடேசனாரின் பெயரைச் சொல்லுங்கள்! அவர் காலத்தில் நம் வட்டாரத்திலிருந்து பட்டணம் சென்ற மாணவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் தலைசாய்க்க இடம் கிடைப்பதரிது. சாதி கேட்டே கதவு திறக்கும். அந்நோய்க்கு எந்தக் கஷாயம்?

1912இல் சென்னை ஐக்கியக் கழகம் கண்டார். திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் எனும் விடுதி நடத்தினார். எதிரெதிரே நின்ற தியாகராயரையும் டாக்டர் நாயரையும் (அவரும் மருத்துவரே!) 1916இல் ஒன்றுசேர்த்தவரும் அவரே. பின்னர்ச் சட்டசபைக்கும் சென்றார்; 1937இல் மறைந்தார்.

மேடைதோறும் மூவர் படம் மாட்டுகிறோம். நம் வட்டார மாணவர் விடுதிகளில் பரிமாறப்படும் சோற்றைப் பார்த்து வருவோர் எத்தனை பேர்? வாரம் ஒருநாள் செல்வோம். குறையிருப்பின் அதிகாரியிடம் கேட்போம்.