பெயர் இல்லாவிட்டாலும் ஆள் ஆள்தான்!

பாஞ்சாலங்குறிச்சிப் போர்களில் உயிர் கொடுத்தவர்களின் பட்டியலை மை எஸ்.க்யூ.எல்.லில் தயாரிப்பதாக வைத்துக் கொள்வோம். ஆளுக்கு ஒரு ரெக்கார்டு. 1799-ல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்கும், 1801-ல் தூக்கிலிடப்பட்ட ஊமைத்துரைக்கும் பெயர் உண்டு. கோட்டையைக் காத்து மடிந்த எத்தனையோ சாதாரண வீரர்களுக்குப் பெயர் பதிவாகவில்லை. அவர்களின் பெயர் ஃபீல்டு காலி. டேட்டாபேஸ் மொழியில் 'நல்'.

சிக்கலே இங்கேதான். ஐந்து ரெக்கார்டுகளில் மூன்றுக்கு மட்டும் பெயர் இருந்தால், கவுண்ட்(*) ஐந்து என்று சொல்லும்; கவுண்ட்(பெயர்) மூன்று என்று சொல்லும். இரண்டு பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். எர்ரர் செய்தியும் வராது! சரி, 'தெரியவில்லை' என்று டைப் செய்து நிரப்பிவிடலாமா? கவுண்ட்(டிஸ்டிங்க்ட் பெயர்) கொடுத்துப் பாருங்கள். பெயர் தெரியாத அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

என் கருத்து இதுதான். பெயர் தெரியாவிட்டால் ஃபீல்டைக் காலியாகவே விடுங்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுங்கள். ஆட்களை எண்ண கவுண்ட்(*) மட்டுமே. கவுண்ட்(பெயர்) விடையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் இன்னும் தேட வேண்டிய பெயர்களின் எண்ணிக்கை.