புகுந்த வீட்டில் பேர் வாங்கிய திராட்சைகள்

ஒயின் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் நண்பர் ஒருவர் தவறாமல் சொல்வார்: "பிரெஞ்சு ஒயின்தான்யா ஒயின், மத்ததெல்லாம் சும்மா." அவரோடு வாதாடித் தொண்டை வறள்வதைவிட இரண்டு பாட்டிலைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைப்பது எனக்குச் சுலபம். ஒன்று பிரான்ஸின் தென்மேற்கே கஹோர். இன்னொன்று அர்ஜென்டினாவின் மெண்டோசா. இரண்டிலும் முக்கியமான சரக்கு மால்பெக் என்ற ஒரே திராட்சைதான். சொன்னால்தான் தெரியும், குடித்துப் பார்த்தால் நம்பத் தோன்றாது.

கஹோர் கிளாஸில் கருத்துக் கிடக்கும். ஒருகாலத்தில் அதற்குக் 'கறுப்பு ஒயின்' என்றே பெயர். முதல் வாயில் பழம் தெரியாது, துவர்ப்புதான் முந்திக்கொண்டு ஈறைப் பிடிக்கும். அவசரப்படாமல் ஆட்டுக்கறி வறுவலில் ஒரு துண்டை மென்றுவிட்டு மறுபடி குடித்தால் பிடி தளர்ந்துவிடும். துவர்ப்பைத் தரும் டானின், எச்சிலை விட்டுவிட்டு இறைச்சியின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மெண்டோசாக்காரர் இப்படிக் காக்க வைப்பதில்லை. மூக்கருகே கொண்டுபோகும்போதே பழுத்த வாசனை எழும், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பிறந்த வீட்டில் மால்பெக்குக்கு அவ்வளவு மரியாதை இல்லை. ஈரமான வசந்தத்தில் பூ உதிர்ந்துவிடும், பனியும் தாங்காது. 1956 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் கஹோர் தோட்டங்கள் பெரும்பாலும் கருகிப்போயின. அதற்கு நூறு வருஷம் முன்னால், 1853 வாக்கில், மிஷெல் புஷே என்ற பிரெஞ்சு வேளாண் நிபுணர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோன கொடிகளில் மால்பெக்கும் ஒன்று. ஆண்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கும் மெண்டோசாவில் மழை ஆண்டுக்கு சுமார் 200 மில்லிமீட்டர்தான். பனி உருகி வரும் தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் பாய்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலேயும் தோட்டங்கள் உண்டு. பகல் வெயில் பழத்தைக் கனியவைக்கிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. புகுந்த வீட்டில்தான் மால்பெக்குக்குப் பேர் கிடைத்தது.

அதே மலைக்கு அந்தப் பக்கம் சிலியில் இன்னொரு கதை. பிரான்ஸின் போர்தோவில் ஒருகாலத்தில் பரவலாக இருந்த கார்மனேர் என்ற திராட்சை பழுக்க நாளாகும், காயும் சரியாகப் பிடிக்காது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தபிறகு, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி எல்லாவற்றையும் மறுபடி நட்டார்கள். கார்மனேருக்காக மெனக்கெட யாருக்கும் மனசு வரவில்லை. அதற்கு முன்பே கப்பலேறிச் சிலி போன குச்சிகள் பிழைத்துக்கொண்டன. அங்கே மெர்லோ என்ற இன்னொரு திராட்சையோடு சேர்த்து நட்டு, மெர்லோ என்றே விற்றார்கள். 1994 நவம்பரில் மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தைப் பார்க்கப் போன பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷெல் பூர்சிகோ, பூவின் கேசரங்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, இது மெர்லோ இல்லை, கார்மனேர் என்று சொல்லிவிட்டார்.

ஆள் யாரென்று தெரிந்ததும் ருசியும் மாறியது. அதுவரை மெர்லோ பழுத்த நாளிலேயே இதையும் பறித்துவந்தார்கள். கார்மனேர் பழுக்க இன்னும் சில வாரம் ஆகும். அரைப்பழத்தில் பைரஸீன் என்ற பொருள் கூடுதலாக இருக்கும். குடைமிளகாயை நறுக்கும்போது வருகிற பச்சை வாசனைக்குக் காரணமும் இதே வகைப் பொருள்தான். அந்த நெடியைச் சிலி மண்ணின் குணம் என்று நினைத்துக் குடித்தவர்கள் உண்டு. இப்போது பொறுத்திருந்து பறிக்கிறார்கள். நெடி அடங்கி, மிளகும் கரும்பழமுமாக ஒரு ருசி வருகிறது. ஓர் ஊர் ஒயினைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அறுவடை எப்போது என்று விசாரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கார்மனேர்தான்.

நம்மூர்க் கம்பத்துப் பன்னீர் திராட்சையும் வந்தேறிதான். ஐரோப்பாவில் மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். இங்கே கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மஸ்கட் வகைகளின் மணத்தில் ஜெரானியாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ரோஜாவிலும் அது இருக்கிறது. பன்னீர் என்று பேர் வைத்தவரின் மூக்கு சரியான மூக்கு. ஒயினானபிறகும் பழத்தின் வாசனையை அப்படியே வைத்திருக்கும் திராட்சைகள் குறைவு. மஸ்கட் அதில் ஒன்று. மஸ்கட் ஒயின் குடிக்கப்போகிறவர்கள் முதலில் ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையை முகர்ந்து வாயில் போட்டுக்கொள்ளட்டும். கிளாஸில் எதைத் தேடுவது என்பது புரிந்துவிடும்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு இரண்டு யோசனை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கவேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய குளிர்வீடுகளுக்குச் சொன்னது. அங்கே அறை வெப்பம் என்றால் 16 முதல் 18 டிகிரி. நம்மூர்க் கோடையில் அறை வெப்பம் என்றால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். இரண்டாவது, ஒரே திராட்சையில் இரண்டு ஊர் பாட்டில்களை ஒரே நாளில் திறங்கள். தனித்தனியாகக் குடித்தால் இரண்டுமே நல்லாத்தான் இருக்கும், எது எப்படி என்று பிடிபடாது. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் செலவு கையைக் கடிக்காது, சண்டை போடவும் ஆள் இருக்கும்.