ஆசான் அடுத்த தெருவில்! தேடலோ அயல்மொழியில்!

“பிள்ளைக்கு இசை கற்பிக்க வேண்டும், நல்லாசிரியர் எவரும் அருகில் இல்லை” என்பது இற்றைத் தமிழ்ப் பெற்றோர் பலரின் முறையீடு. ஊர்க்கோயிலில் ஓதுவார் இருக்கின்றார். நாகசுரமும் தவிலும் வழிவழியாய் இயக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பறையின் அடிகளைத் தந்தையிடமும் பாட்டனிடமும் கற்றுத் தேர்ந்த ஆசான் ஊர்க்கோடியில் இருக்கின்றார். வடதமிழகத்துச் சிற்றூர்களில் அடவும் பாட்டும் பயிற்றும் தெருக்கூத்து ஆசிரியர் இருக்கின்றார். இத்துணைப் பேர் இருந்தும் ‘ஆசிரியர் இல்லை’ என்னும் கூற்று எவ்வாறு எழுகின்றது? இல்லாதது ஆசிரியரா? அவரை ஆசிரியராய்க் காணும் கண்ணா?

பெற்றோர் தேடுவது இசையாசிரியரை அன்று, ‘சங்கீத’ ஆசிரியரை! அவர் கிடைத்தபின் நிகழ்வதென்ன? சரளி முதலிய வரிசைகள் முடிந்ததும் பிள்ளை பாடும் முதற்கீதம் வடமொழியில். அடுத்து வரும் வர்ணம் தெலுங்கில். அதன்பின் கீர்த்தனைகளும் பெரும்பாலும் தெலுங்கிலேயே! பொருள் தெரியாத சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எங்கே பிரிப்பது, எங்கே மூச்சு வாங்குவது என்றுகூட அறியாமல் அப்பிள்ளை பாடுகின்றது. பெற்ற தாய் கைதட்டுகின்றாள். பாட்டின் பொருள் தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. இதற்குப் பெயர் கலைப்பயிற்சியாம்!

தெலுங்கின்மீது தமிழர்க்குப் பகையில்லை. தியாகராசர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். தமிழ்மண்ணில் இருந்தும் பெரும்பாலும் தம் தாய்மொழியாகிய தெலுங்கிலேயே பாடினார். அது மானமுள்ள செயல். அவரைப் போற்றுவோர் அவர் செய்ததையன்றோ செய்தல் வேண்டும்? அவர் தம் தாய்மொழியில் பாடினாரெனின், தமிழ்ப்பிள்ளை தமிழில் பாடுவதே அவரைப் பின்பற்றும் முறை!

தமிழில் பாட்டில்லை என்பார்க்கு முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் விடை. மூவரும் தியாகராசர்க்கு மூத்தோர். தமிழில் இசையிலக்கணம் இல்லை என்பார்க்கு ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், விபுலாநந்த அடிகள் 1947-இல் தந்த யாழ்நூலும் விடை. செம்பாலையே இன்று அரிகாம்போதி என வழங்குகின்றது என்பதை ஆய்வாளர் காட்டிவிட்டனர். வீடு தமிழனது, வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் பிறனது! தமிழ்ப்பாட்டை அரங்கின் கடைசியில் ‘துக்கடா’வாய்த் தூக்கிப் போட்ட இழிவை எதிர்த்தே 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியது, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அரங்கில் தொடங்கிய அப்போர் பிள்ளைகள் பயிலும் வீட்டுத் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியரை எங்கே தேடுவது என்பதற்குப் பழைய வரலாறொன்று வழிகாட்டும். தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தபின்னும் அவற்றின் பண்முறை தெரியவில்லை. அரசன் என் செய்தான்? அரண்மனைப் புலவரிடம் போகவில்லை. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைத் தேடிக் கண்டு, அவள்வழியே பண்களை வகுப்பித்தான் என்கின்றது திருமுறைகண்ட புராணம். பாணர் குடியைச் சாதியாணவம் எங்கே வைத்திருந்தது என்பதை நாடறியும். அக்குடிப் பெண்ணே தேவாரத்திற்கு இசை மீட்டளித்த ஆசான்! முடியுடை வேந்தன் தேடிப்போன இடத்திற்கு, மாதச் சம்பளக்காரத் தமிழன் போகக் கூசுகின்றான்.

இக்கூச்சம் மாற்றாரிடம் மட்டும் இல்லை. தனித்தமிழ் பேசுவாரிடமும் உண்டு. மேடையில் ‘தமிழிசை வாழ்க’ என முழங்குவோர் பலர், வீட்டிற்குச் சென்றதும் மகளைத் தெலுங்குக் கீர்த்தனை வகுப்பிற்கு அனுப்புகின்றனர். மாநாட்டு ஊர்வலத்திற்குப் பறை வேண்டும். பறையாசானுக்குத் தம் வீட்டுக் கூடத்தில் இருக்கை தர மனம் வேண்டாவோ? இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் ஆடலாசானையும் இசையாசானையும் தண்ணுமையாசானையும் குழலாசானையும் யாழாசானையும் ஒருங்கே நிறுத்தி ஒவ்வொருவர் தகுதியையும் உரைத்தார். தோற்கருவி ஆசான் தாழ்ந்தவன் என்று அவர் பாடவில்லை. தாழ்த்தியது சாதி. சாதியைச் சுமந்துகொண்டு தமிழிசையை மீட்பேன் என்பது, கல்லைக் கட்டிக்கொண்டு ஆற்றை நீந்துவேன் என்பதாகும்.

அரசு செய்தது சிறிது. செய்ய வேண்டியது பெரிது. மாவட்டங்கள் 38, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளோ 17. அங்கே குரலிசை, தேவாரம், நாகசுரம், தவில், பரதம், வயலின், மிருதங்கம் ஆகியவை மூன்றாண்டுப் பாடமாய்க் குறைந்த கட்டணத்தில் கற்பிக்கப்படுகின்றன. 12 அகவை முதல் 25 அகவை வரையுள்ளோர் சேரலாம். சிறுவர்க்குச் சவகர் சிறுவர் மன்றங்கள் உள்ளன. இவை தம் ஊரருகே இருப்பதைக்கூட அறியாத பெற்றோர் எத்தனையோ பேர்! சரி, 25 அகவை கடந்தோர் எங்கே செல்வர்? பிள்ளைகளை வளர்த்து முடித்த நாற்பது அகவைத் தாய்க்குப் பாட உரிமை இல்லையா? பணி ஓய்ந்த முதியவர் குழலூதக் கூடாதா? நாவுக்கரசர் முதுமையிலும் பாடிக்கொண்டே ஊரூராய் நடந்தவர் அல்லரோ? ஊர்தோறும் அரசுப்பள்ளிக் கட்டடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, உள்ளூர் ஆசானுக்கு ஊதியம் தந்து, எல்லா அகவையினர்க்கும் வகுப்பு நடத்துவது அரசின் கடன்.

அதுவரை தமிழர் கைகட்டி இருத்தல் ஆகாது. எந்த ஆசிரியரிடம் சென்றாலும் முதலிற் கேட்க வேண்டியது ஒன்றே: ‘பிள்ளை பாடப்போகும் முதற்பாட்டு எம்மொழியில்?’ தமிழில் எனின் சேர்க்க; இல்லையெனின் தமிழிற் கற்பிக்குமாறு வேண்டுக; மறுத்தால் வேறிடம் தேடுக. பத்துக் குடும்பம் இவ்வாறு கேட்டால் பாடத்திட்டம் தானே மாறும். பத்துப் பேர் ஒன்றுகூடி ஓதுவாரையோ பறையாசானையோ கிழமைக்கு இருநாள் அழைத்தால் அதுவே ஒரு பள்ளி. ஆனால் ஒன்று: தெலுங்குக் கீர்த்தனைக்குக் கொடுக்கும் கட்டணத்தை அவர்க்கும் குறைவின்றிக் கொடுக்க! ‘நம்மூர் ஆள்தானே’ என்று பேரம் பேசுவது தமிழ்ப்பற்று அன்று; சுரண்டல்.

மாணாக்கர் வாராத ஆசான் தம் மகனை வேறு தொழிலுக்கு அனுப்புகின்றார். அவர் மறையும் நாளில் ஏட்டிலேறாத அடிகளும் பிடிகளும் அவரோடே மறையும். பின்னர்த் தேடிச்செல்ல எந்த எருக்கத்தம்புலியூரும் இராது. ஆசான் உயிரோடிருக்கையிலேயே அவர் கதவைத் தட்டுக!