கிளட்ச் சுவிட்சும் கைப்பிடிச் சுவரும்



சென்ற வாரம், நோயுற்ற ஒரு தாயாரைச் சந்தித்து ஜெபித்துவிட்டு மழையில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிக்னலில் என் மோட்டார் சைக்கிள் நின்றுபோயிற்று. கியரில் இருந்தபடியே கிளட்சைப் பிடித்து ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினேன், சத்தமே எழவில்லை. பின்னாலிருந்தவர்கள் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள். நியூட்ரலுக்குக் கொண்டுவந்து அழுத்தியதும் எஞ்சின் உடனே இயங்கிற்று.

மறுநாள் மாலை மெக்கானிக் பார்த்துவிட்டு, "ஐயா, கிளட்ச் சுவிட்ச் வயர் ரெண்டையும் சேர்த்து விட்டுடறேன். அஞ்சு நிமிஷ வேலை. இனி இந்தத் தொல்லையே வராது" என்றார். ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. சம்மதித்துவிடலாம் என்றே மனம் சொல்லிற்று. ஆயினும் வேண்டாம் என்றேன். அதன் காரணத்தை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். நம் வாலிபரில் சிலரும் இவ்விதம் செய்திருப்பதை அறிவேன்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில், நியூட்ரலில் இருந்தாலோ, கிளட்ச் பிடிக்கப்பட்டிருந்தாலோதான் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் செல்லும். சைடு ஸ்டாண்டிலும் ஒரு சுவிட்ச் உண்டு. ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் அணைந்துவிடும். ஆகவே கோளாறைக் கண்டறிவது கடினமன்று. நியூட்ரலில் இயங்கும் எஞ்சின் கியர் போட்டதும் அணைந்தால், முதலில் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். அது முழுதும் மடங்காதிருக்கலாம். சுவிட்சில் சேறு அடைத்திருக்கலாம். ஓடுகையில் குறையில்லை, கியரில் ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால், கிளட்ச் லிவரின் அடியிலுள்ள சிறு சுவிட்சையும் அதன் வயரையும் பாருங்கள். கிளட்சைப் பிடித்திருந்தும் ஸ்டார்ட் செய்கையில் வண்டி முன்னே குதித்தால், கிளட்ச் கேபிள் தளர்ந்திருக்கக்கூடும்.

என் வண்டியிலோ சுவிட்ச் நன்றாகவே இருந்தது. முறிந்த லிவருக்குப் பதிலாக நான் மலிவாக வாங்கிப் போட்ட லிவர் அதை முழுதாக அழுத்தவில்லை. லிவரை மாற்றினோம்; குறை தீர்ந்தது.

வயரைச் சேர்த்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? கியரில் விட்டு நிறுத்திய வண்டியில், சாவியைத் திருப்பி ஒரு பிள்ளை பொத்தானை அழுத்தினால் வண்டி பாய்ந்து செல்லும். ஸ்டாண்டு சுவிட்சைத் துண்டித்துவிட்டு, மடக்க மறந்து புறப்பட்டால், இடப்புறம் திரும்புகையில் ஸ்டாண்டு தரையில் இடித்து ஓட்டுபவரைத் தூக்கி எறியும்.

புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஒருவன் விழுந்து மடிந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பதே அதற்குக் காரணம். 'என் கால் இடறாது' என்று வீட்டுக்காரன் சொல்லித் தப்ப முடியாது. சுவர் அவனுக்காக மட்டும் கட்டப்படுவதன்று. இச்சிறு சுவிட்சும் அவ்வாறே. அது காப்பது ஓட்டத் தெரிந்த நம்மை மட்டுமன்று. முற்றத்தில் நிற்கும் வண்டியில் ஏறி விளையாடும் நம் பிள்ளைகளையும்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வயரைச் சேர்த்துவைத்திருப்பவர்கள் இவ்வாரமே அதைப் பிரித்து, பழுதான பாகத்தை மாற்றிவிடுங்கள். ஜெபக்கூட்டத்துக்கு அன்று நான் அரை மணி நேரம் தாமதமாகவே வந்தேன். காத்திருந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அந்தத் தாமதத்துக்காக நான் வருந்தவில்லை.