படத்தைக் கேள்வி கேட்கட்டும் பிள்ளைகள்!

பள்ளிக்கூடச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. தாடி வைத்த பெரியவர். ஒரு கையில் எழுத்தாணி. மறு கையில் ஓலைச் சுவடி.

"இவர் யார்?" என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட "திருவள்ளுவர்" என்று சொல்லிவிடும்.

"இதை வரைந்தவர் வள்ளுவரை நேரில் பார்த்தாரா?" என்று கேட்டால், பத்தாம் வகுப்புப் பையனும் விழிக்கிறான்.

அதை வரைந்தவர் ஓவியர் வேணுகோபால் சர்மா. 20-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். வள்ளுவர் இப்படித்தான் இருந்திருப்பார் என்று மனதில் எண்ணித் தீட்டினார். அழகான உருவம். தமிழர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்ட உருவம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால், அது கற்பனை உருவம் என்று பிள்ளைக்குச் சொல்லாமல் விடுவது தவறுதான்.

கட்டபொம்மன் என்றதும் பல வீடுகளில் நினைவுக்கு வருவது, 1959-இல் வந்த சினிமாவில் பார்த்த சிவாஜி கணேசனின் முகம். கட்டபொம்மனை வெள்ளையர்கள் கயத்தாறில் தூக்கில் போட்டது 1799-இல். போட்டோ பிடிக்கும் முறை உலகுக்குத் தெரிய வந்ததோ 1839-இல். பிறகு போட்டோ எப்படி இருக்கும்?

ஒரு படம் போதும்

இப்போது பல பள்ளிகளில் திரை வந்துவிட்டது. சரித்திர ஆசிரியர் ஒரு பொத்தானை அமுக்கினால், அரசர்களும் கோட்டைகளும் வரிசையாக வருகிறார்கள். 40 நிமிடத்தில் 40 படம்! பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். மணி அடித்ததும் எல்லாம் மறந்துபோகும்.

ஒரு பாட வேளைக்கு ஒரு படம் போதும். அல்லது, ஒரே சம்பவத்தைக் காட்டும் இரண்டு படங்கள்.

திப்பு சுல்தானின் பிள்ளைகள் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1792-இல் திப்பு போரில் தோற்றார். பாதி நாட்டைக் கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். பணம் கட்டி முடியும்வரை அவருடைய மகன்கள் இருவர் பிணை. இருவரும் சின்னஞ்சிறுவர்கள். சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள், 1794-இல்தான் தகப்பனாரிடம் திரும்பினார்கள். திண்டுக்கல்லும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியும் கும்பெனியார் கைக்கு வந்தது இந்த ஒப்பந்தத்தால்தான்.

அந்தச் சிறுவர்களைக் காரன்வாலிஸ் பிரபு வரவேற்கும் காட்சியை ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் வரைந்தார். அவர் கும்பெனிப் படையோடு கூடவே போனவர். படத்தின் ஓரத்தில் தன்னையும் ஓர் ஆளாக வரைந்துகொண்டார்!

மாதர் பிரவுன் என்று இன்னோர் ஓவியர். லண்டனில் இருந்தவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அவரும் அதே காட்சியை வரைந்தார். போதாதென்று, அந்தப்புரத்தில் பிள்ளைகள் திப்புவிடம் விடைபெறுவதையும் வரைந்தார். அதை அவரிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளைக் கேட்கவிட வேண்டும். யார் வரைந்தது? எங்கே இருந்து வரைந்தது? வாங்கிப் பார்க்கப் போகிறவர் யார்? காரன்வாலிஸ் முகத்தில் ஏன் இத்தனை கருணை? திப்பு எங்கே?

(இதே காரன்வாலிஸின் படைதான் 1781-இல் அமெரிக்காவில் யார்க்டவுன் என்ற ஊரில் சரணடைந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு, சீமையில் இந்தப் படங்களுக்கு வரவேற்பு இருந்ததில் வியப்பில்லை.)

அடுத்து, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டும். அங்கே தரியா தௌலத் மாளிகையின் சுவரில் வேறு ஒரு காட்சி. 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், பொள்ளிலூரில் கும்பெனிப் படை தோற்ற சண்டை. வெள்ளைக்காரத் தளபதி பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். இது திப்பு தரப்புப் படம். அதையும் அப்படியே நம்பிவிடக்கூடாது. நடுவில் அழிந்து, பிற்காலத்தில் மறுபடி தீட்டப்பட்டது அது.

அவரவர் வெற்றியை அவரவர் தீட்டிக்கொண்டார்கள். இதை ஆசிரியர் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"பரீட்சைக்கு வருமா?"

பெற்றோர்கள் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. 1792 என்று எழுதினால் மார்க் உண்டு. "திப்பு எங்கே?" என்று கேட்டால் மார்க் இல்லை. பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. கேள்வித்தாளில் ஒரு படத்தைப் போட்டு, "இதை நம்பலாமா? ஏன்?" என்று கேட்டால் வகுப்பு தானாக மாறும். அதைச் செய்ய வேண்டியவர்கள் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள்.

இது சரித்திரப் பாடத்தோடு போகிற விஷயமும் அல்ல. இன்று செல்போனில், நடக்காத கலவரத்துக்குப் படம் வருகிறது. செத்துப்போன தலைவர் பேசுவதுபோலப் படம் வருகிறது. யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேட்கத் தெரியாத பையன், அதை அடுத்த நிமிடமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறான். ஊரில் சண்டை மூளுகிறது.

திரை இல்லாத பள்ளியானாலும் பரவாயில்லை. வீட்டில் தாத்தா காலத்துக் கல்யாணப் போட்டோ ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் தூசி தட்டி, பிள்ளை கையில் கொடுக்கலாம். எல்லோரும் ஏன் இப்படி விறைத்து நிற்கிறார்கள்? உட்கார்ந்திருப்பவர்கள் யார், நிற்பவர்கள் யார்? சமையல் செய்தவர்கள் ஏன் படத்தில் இல்லை? பாட்டி இருக்கும்போதே இதையெல்லாம் கேட்டு, போட்டோவின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.